திருட்டு முடிஞ்ச பிறகு ஆரம்பிக்கற திருட்டுப் படம்: மூசெயோ பத்தி கொஞ்சம் நீளமா

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா எழுதிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. "மெக்சிகன் டார்க் காமெடி, திருட்டுப் படம்னு சொன்னாங்கன்னு மூசெயோ பார்த்தேன், மியூசியத்துல திருடற வரைக்கும் செம, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையறாங்க, ட்விஸ்ட் இல்ல, சேஸிங் இல்ல, காமெடி எங்க இருக்குன்னும் புரியல, இதுக்கு எப்படி பெர்லின்ல அவார்டு குடுத்தாங்க, இந்த வகைல வேற என்ன பார்க்கலாம்?" இதான் கேட்டிருந்தீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், அதனால முழுசாவே சொல்றேன். எதுவுமே நடக்கலைன்னு நீங்க சொல்ற அந்தப் பின்பாதிதான் உண்மையில படம், மியூசியத் திருட்டு அதுக்கு முன்கதை மாதிரி. வழக்கமான ஹைஸ்ட் படத்துல பாதி நேரம் ஆள் சேர்ப்பாங்க, பிளான் போடுவாங்க, அப்புறம் திருடப் போற இடத்துல ஏதோ ஒண்ணு சொதப்பும், கடைசில யாரு யாரை ஏமாத்தினாங்கன்னு தெரியும். இங்க அந்தச் சொதப்பலே கிடையாது. எந்தப் பயிற்சியும் இல்லாத ரெண்டு பேரு நாட்டோட மிகப் பெரிய மியூசியத்துக்குள்ள போயி கை வச்சதெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய வந்துடறாங்க, ஒருத்தரும் தடுக்கல. வந்தப்புறம்தான் பிரச்சனை. இதை வச்சு என்ன பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியல, யாருகிட்ட விக்கறதுன்னு தெரியல, ஏன் எடுத்தோம்ங்கறதே போகப் போக மங்கிப் போகுது. ஜெயிச்ச திருடன் தோத்துப் போற கதை இது, இந்தப் படத்தோட கறுப்பு நகைச்சுவை மொத்தமும் அந்தத் தோல்விலதான் இருக்கு.

படத்தை எடுத்தவர் அலோன்சோ ருயிஸ்பலாசியோஸ், 2014ல குவெரோஸ்னு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பேர் வாங்கினவர், மூசெயோ வந்தது 2018ல. பெர்லின் திரைப்பட விழால கிடைச்சது திரைக்கதைக்கான வெள்ளிக் கரடி, அவரும் மானுவேல் அல்கலாவும் சேர்ந்து எழுதினது. திரைக்கதைக்குத்தான் குடுத்தாங்கங்கறதைக் கவனிங்க, நீங்க குறைன்னு நினைக்கற அந்தக் கதை அமைப்புக்குத்தான் அந்தப் பரிசே. ஹுவான் நூன்யெஸா வர்றது காயேல் கார்சியா பெர்னால், அவனோட கூட்டாளி பெஞ்சமின் வில்சனா வர்றது லியோனார்டோ ஒர்திஸ்கிரிஸ், கதை சொல்ற குரலும் வில்சனோடதுதான்.

உண்மையில நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா படம் இன்னும் நல்லா பிடிபடும். 1985 கிறிஸ்துமஸ் ராத்திரி, மெக்சிகோ சிட்டி சாபுல்தெபெக் பார்க்ல இருக்கற தேசிய மானுடவியல் மியூசியம். வேலியைத் தாண்டி உள்ள குதிச்சு, ஏசி குழாய் வழியா தவழ்ந்து போயி, மாயா ஹால், மெஷிகா ஹால், வஹாகா ஹால்னு மூணுலயும் புகுந்து 140ஐ ஒட்டின எண்ணிக்கைல சாமான் எடுத்துட்டாங்க. எல்லாம் சின்னச் சின்னதா, பைல அடங்கற மாதிரி. அதுல இருந்தது என்னன்னு பாருங்க, பலெங்கேங்கற பழைய மாயா நகரத்தை ஆண்ட பாக்கால் ராஜாவோட பச்சைக்கல் முகமூடி, மோந்தே அல்பான்ல கிடைச்ச ஸபோதெக் வௌவால் சாமி, எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் குடைஞ்சு செஞ்ச குரங்குக் குடுவை, சிச்சென் இட்சாவோட புனிதக் கிணத்துலேருந்து எடுத்த தங்கச் சாமான்கள். ஒவ்வொண்ணும் ஸ்கூல் புஸ்தகத்துல படமாப் போடற ஐட்டம். அலாரம் வருஷக்கணக்கா வேலை செய்யாமக் கிடந்துச்சு, காவலுக்கு இருந்தவங்க பண்டிகைக் கொண்டாட்டத்துல ரோந்து ஒழுங்காப் போகல, காலைல ஷிஃப்ட் மாறும்போதுதான் பெட்டிகள் காலியா இருக்கறதே கண்ணுல பட்டுச்சு.

உடனே எல்லாரும் நினைச்சது இது இன்டர்நேஷனல் கும்பல் வேலைன்னுதான். எந்தப் பொருளை எடுக்கணும்னு தெரிஞ்ச எக்ஸ்பர்ட் யாரோ ஆர்டர் குடுத்திருக்கணும், வெளிநாட்டுப் பணக்காரன் ஒருத்தனுக்காக எடுத்திருக்கணும்னு பேசினாங்க. ஏர்போர்ட், எல்லை எல்லாம் உஷார். பொருளெல்லாம் எங்க இருந்துச்சு தெரியுமா, மெக்சிகோ சிட்டிக்குப் பக்கத்துல சியூதாத் சதேலிதேங்கற நடுத்தர வர்க்கக் குடியிருப்புல, ஒரு வெட்டரினரி ஸ்டூடண்ட் அவன் அப்பா அம்மாவோட இருந்த வீட்ல, துணி அலமாரிக்குள்ள. சுமார் ஒரு வருஷம் அங்கயே இருந்துச்சு. அப்புறம் அவன் அகாபுல்கோங்கற கடற்கரை ஊருக்குப் போனான், போதைப்பொருள் ஆளுங்களோட பழக்கம் ஆச்சு, அந்த ஆளுங்கள்ல ஒருத்தன் போலீஸ்ல மாட்டி வாயைத் திறந்தப்பதான் துப்புக் கிடைச்சு, 1989 ஜூன்ல பெரும்பாலான பொருள் திரும்பி வந்துச்சு. கூட இருந்த இன்னொருத்தன் கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல. இந்தக் கடைசிப் பகுதியைப் படம் நிறைய மாத்திடுச்சு, பேர்களையும் மாத்திடுச்சு. ஆரம்பத்துலயே ஒரு வரி போடுவாங்க பாருங்க, இந்தக் கதை மூலத்தோட நகல்னு. அந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ அதுக்கு வர்றேன்.

நாடு அப்ப எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும். 1982ல கடன் நெருக்கடி வந்து பெசோ மதிப்பு படு வீழ்ச்சி, படிச்சவனுக்கு வேலை இல்ல. 1985 செப்டம்பர் 19 காலைல பூகம்பம், ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க, அரசாங்கம் திணறினப்ப ஜனங்களே வெறும் கையால இடிபாட்டைத் தோண்டி ஆளுங்களை வெளிய எடுத்தாங்க. அது நடந்து மூணே மாசம்தான் ஆச்சு. ஊரே காயம் ஆறாம இருக்கு, அந்த நேரத்துல பாட்டன் பூட்டன் சொத்தும் போச்சுன்னு நியூஸ் வருது. படத்துல திருட்டு முடிஞ்சப்புறம் டிவில நியூஸ் ஓடற இடம் இருக்கே, அதை இந்தப் பின்னணியோட பாருங்க. நாடே திருடனுங்களைச் சபிக்குது, பெரிய டாக்டரான ஹுவானோட அப்பா (ஆல்ஃப்ரெடோ காஸ்த்ரோ, சிலி நாட்டு நடிகர், என்ன ஒரு கல்லு முகம்!) அந்தத் திருடனுங்களைக் காறித் துப்பாத குறையாத் திட்டறார், திருடன் அதே வீட்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கான். காயேல் முகத்துல அப்ப வர்ற உணர்ச்சியைப் பார்த்தீங்களா? மாட்டிக்குவோமோங்கற பயம் அதுல கொஞ்சம்தான். அப்பா தன்னைப் பத்திப் பேசறார், ஆனா தன்னைப் பத்தித்தான்னு அவருக்குத் தெரியாது, வாழ்க்கைல முதல் தடவையா தான் செஞ்ச ஒரு காரியம் அப்பாவை அசைச்சுப் பார்த்திருக்குங்கறதுல ஒரு சின்னப் பெருமையும் அதே நேரத்துல அவமானமும் கலந்து வரும். நீங்க காமெடி எங்கன்னு கேட்டதுக்கு நான் முதல்ல காட்டற இடம் இதான். வாய் விட்டுச் சிரிக்கற காமெடி இல்ல, வயித்துக்குள்ள பிசையற மாதிரி இருக்கும்.

ஹுவானோட குடும்பத்துல அவன் யாருன்னு பாருங்க. முப்பதை நெருங்கியும் படிப்பு முடியல, அப்பா அம்மா வீட்ல சாப்பாடு, குள்ளன்னு பட்டப் பேரு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாருக்கும் இவன் இன்னும் சின்னப் பையன். காயேலுக்கு இந்தப் படம் எடுக்கும்போது நிஜமாவே நாப்பதை ஒட்டின வயசு, சிலர் அதைக் குறையாச் சொன்னாங்க, எனக்கு அது படத்துக்கு ரொம்பப் பொருத்தமாத்தான் படுது, ஏன்னா வயசான முகத்தோட ஒரு பையன் அடம் பிடிக்கறதைப் பார்க்கும்போது வர்ற சங்கடம் இளம் நடிகனை வச்சிருந்தா வந்திருக்காது. சதேலிதேவும் வெறும் பின்னணி கிடையாது. 1950கள்ல எதிர்காலத்தோட ஊர்னு சொல்லிக் கட்டின இடம், வாசல்ல கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகானும் சிற்பி மத்தியாஸ் கெரிட்ஸும் சேர்ந்து எழுப்பின கலர் கலரான அஞ்சு கோபுரம், உள்ள யாரும் தங்க முடியாத, சும்மா நிக்கறதுக்குன்னே கட்டின கோபுரம். 85 வாக்குல அந்த எதிர்காலம் பழசாப் போச்சு. அதுக்குள்ள வளர்ந்த பசங்க ரெண்டு பேரு ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான ராஜா முகத்தைத் தூக்கறாங்க.

வில்சனையும் மறந்துடாதீங்க. வீட்ல உடம்பு முடியாத அப்பா, அவரை விட்டுட்டு வரணுமான்னு தயக்கம், ஆனா ஹுவான் கூப்பிட்டா போயிடுவான். இந்த மாதிரிக் கூட்டாளி எல்லா ஊர்லயும் இருக்கான், தனக்குன்னு ஆசை எதுவும் இல்லாம நண்பனோட ஆசையைச் சுமக்கறவன். நண்பனைப் பத்திப் பேசறப்ப நல்ல கதையை உண்மையைச் சொல்லி ஏன் கெடுக்கணும்ங்கற மாதிரி ஒரு எண்ணம் கதை முழுக்க ஓடும். இவன் குரல்ல கதை வர்றதாலதான் ஹுவான் ஏன் திருடினான்ங்கறதுக்கு உறுதியான பதில் படத்துல வராது. அப்பா மேல கோவமா, பணமா, போரடிச்சுதா, தேசப்பற்றா? எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கலாம். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடிச்சிருந்தா படம் சின்னதாப் போயிருக்கும்.

இப்ப திருட்டுக் காட்சி. உங்களுக்கும் பிடிச்சிருந்ததால சீக்கிரம் தாண்டிடறேன், ஒரே ஒரு விஷயம் மட்டும். அந்த நிமிஷங்கள்ல பேச்சே கிட்டத்தட்ட கிடையாது, கண்ணாடி, கை, மூச்சு, அவ்வளவுதான். கேமராமேன் தமியான் கார்சியா பொருள்களை மனுஷங்க மாதிரியே ஷூட் பண்ணியிருப்பார், ஒவ்வொரு முகமூடியும் திருடனைத் திருப்பிப் பார்க்கற மாதிரி. பாக்கால் முகமூடியை ஒரு தடவை நெட்ல பெருசு பண்ணிப் பாருங்க. பச்சைக்கல்லைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி ஒட்டிச் செஞ்ச முகம், கண்ணுக்கு வெள்ளைச் சங்கும் நடுவுல கறுப்பு எரிமலைக் கண்ணாடியும், அதனால எந்தப் பக்கம் நின்னாலும் அது முழிச்சுக்கிட்டு இருக்கும். 683ல செத்துப் போன ராஜாவோட முகத்து மேல வச்சது அது. ஆல்பெர்டோ ரூஸ் லுயில்யேங்கற தொல்லியல் ஆய்வாளர் பலெங்கே கோயிலோட தரைக்குக் கீழ ஒரு படிக்கட்டைக் கண்டுபிடிச்சு, வேணும்னே கல்லும் மண்ணும் போட்டு அடைச்சு வச்சிருந்த அந்த வழியை வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா தோண்டி, 1952ல அந்தக் கல்லறை அறைக்குள்ள போனார். யாரும் தொடக்கூடாதுன்னு அவ்வளவு பாடுபட்டு மூடி வச்ச ஒண்ணை அவர் எடுத்தா ஆராய்ச்சி, ஹுவான் எடுத்தா திருட்டு. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல, படமும் சொல்லல, ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடு எங்க இருக்குன்னு படம் விடாம கேட்டுக்கிட்டே இருக்கு.

அதுக்குத்தான் படத்தோட தொடக்கத்துல த்லாலோக் சிலையைக் கொண்டு வர்ற பழைய காட்சி. அதை ஃபார்வர்ட் பண்ணியிருந்தீங்கன்னா திரும்பப் போயிப் பாருங்க. மழைச் சாமின்னு சொல்ற அந்த ஒத்தைக் கல் சிலை 168 டன், கோவாத்லின்சான்னு ஒரு கிராமத்துல ஓடைக்குள்ள கிடந்துச்சு. 1964ல புது மியூசியம் திறக்கப் போறாங்க, வாசல்ல நிறுத்த ஒண்ணு வேணும்னு அதை எடுக்க வந்தாங்க. ஊர்க்காரங்க விடல, கொண்டு போக வந்த வண்டியையும் கட்டின கம்பியையும் சேதம் பண்ணாங்க, கடைசில ராணுவம் வந்து நின்னுதான் எடுத்துட்டுப் போனாங்க. ஏப்ரல்ல தலைநகரத்துக்குள்ள வண்டி நுழைஞ்சப்ப மழைக்காலமே இல்லாத நேரத்துல கொட்டோ கொட்டுன்னு மழை கொட்டுச்சு, மெக்சிகோல இன்னிக்கும் எல்லாரும் சொல்ற கதை அது. கிராமத்துக்கு என்ன மிஞ்சுச்சு? பல வருஷம் கழிச்சு ஊர் நடுவுல அதோட நகல் ஒண்ணு வச்சுக் குடுத்தாங்க.

இப்ப அந்த நகல் வரிக்கு வர்றேன். மியூசியத்துக்குள்ள போனா ஆஸ்டெக் ராஜா மோக்தெசூமாவோட கிரீடம்னு சொல்ற கெட்ஸால் பறவை இறகுத் தலைப்பாகை ஒண்ணு இருக்கும். அது 1940ல செஞ்ச நகல், அசல் ஆஸ்திரியால, வியன்னா மியூசியத்துல இருக்கு, மெக்சிகோ கேட்டுப் பார்த்தும் வரல. ஆக கிராமத்துல இருக்கறது தலைநகரம் எடுத்துட்டுப் போனதோட நகல், தலைநகரத்துல இருக்கறது ஐரோப்பா எடுத்துட்டுப் போனதோட நகல், இதையெல்லாம் சொல்ற படமும் தன்னை நகல்னு சொல்லிக்குது. மியூசியத்தோட ஹால்கள்ல நிறைய பகுதியை ஸ்டூடியோல நகலாச் செட் போட்டுத்தான் எடுத்தாங்கங்கறதையும் சேர்த்துக்கோங்க. ஒரு வரில இவ்வளவையும் அடக்கி வச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திருட்டுக் கதை சொல்ல ஆரம்பிக்கறாங்க பாருங்க, அந்தத் தைரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இன்னொரு உண்மைச் சம்பவம் சொல்றேன், படத்துல இல்ல, ஆனா மெக்சிகோக்காரங்க மனசுல இது இருந்திருக்கும். 1982ல ஒரு மெக்சிகன் பத்திரிகையாளர் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயி, தொனலாமத்ல் ஓபின்னு ஒரு பழைய ஆஸ்டெக் சுவடியைப் படிக்கக் கேட்டு வாங்கி, அப்படியே மறைச்சு வெளிய கொண்டு வந்து மெக்சிகோவுக்குக் கடத்திட்டார். கண்டுபிடிச்சாங்க, ஆனா ஊர்ல அவரு ஹீரோ ஆயிட்டார், எங்க நாட்டுச் சொத்தைத் திருப்பிக் கொண்டு வந்தேன்னு சொன்னார், அரசாங்கத்தால அவரைக் கடுமையாத் தண்டிக்க முடியல. சுவடி இன்னும் மெக்சிகோலதான் இருக்கு. அப்ப மூணு வருஷத்துக்கு முன்னாடி திருடன் ஒருத்தன் தேச வீரன் ஆன நாடு இது. ஹுவானுக்கும் அப்படி ஒரு பெருமை உள்ளுக்குள்ள ஓடுது, பழம் பொருள் பத்தி லெக்சர் அடிப்பான், தனக்கு மட்டும்தான் அதோட அருமை தெரியும்னு நம்பறான். ஆனா அவன் எங்கேருந்தும் எதையும் மீட்கல, தன் நாட்டு ஜனங்க கிட்டேருந்தே எடுத்திருக்கான். அந்தப் பொய்யை அவனே கொஞ்சம் கொஞ்சமா உணர்றதுதான் நீங்க ஒண்ணும் நடக்கலைன்னு சொன்ன பயணம்.

விக்கறதுக்கு முதல்ல எங்க போறாங்க, பலெங்கே. மெக்சிகோ சிட்டிலேருந்து 900 கிலோமீட்டர் பக்கம், சியாபாஸ் மாநிலக் காட்டுக்குள்ள. அங்க ஒரு கைடு மூலமா ஆள் பிடிக்கலாம்னு. பாக்கால் முகமூடி எந்தக் கோயிலுக்கு அடில கிடைச்சுதோ அதே கோயிலுக்குப் பக்கத்துல ஒரு பைக்குள்ள திரும்பி வந்திருக்கு, வந்த காரணம் அதை விக்கறதுக்கு. யாரும் இதைப் பத்தி வசனம் பேசமாட்டாங்க, நம்மளே உணரணும்னு விட்டுட்டாங்க. அப்புறம் அகாபுல்கோ, பிராங்க் கிரேவ்ஸ்னு ஒரு இங்கிலீஷ்கார வியாபாரி, சைமன் ரஸ்ஸல் பீல் நடிச்சது. சில நிமிஷம்தான் வர்றார், படத்தையே தன் பக்கம் சாய்ச்சுட்டுப் போயிடறார். அவர் சொல்றதோட சாரம் இதான்: இதுக்கு விலையே கிடையாது, அதனாலதான் ஒரு காசு கூடக் கிடைக்காது, உலகத்துக்கே முகம் தெரிஞ்ச பொருளை எவன் வாங்கி எங்க வைப்பான்? இது ஹுவானுக்கு ஏன் அப்படி வலிக்குதுன்னா, பணம் போச்சுங்கறதுக்காக மட்டும் இல்ல. வீட்ல அப்பா முன்னாடி நின்ன மாதிரியே இங்கயும் ஒரு பெரிய மனுஷன் முன்னாடி சின்னப் பையனா நிக்கறான். அதுவும் தன் நாட்டுப் பொருளோட மதிப்பை ஒரு வெளிநாட்டுக்காரன் வாயால கேட்டுக்கிட்டு.

ஜனங்களோட பங்கும் இந்தக் கறுப்பு நகைச்சுவைல உண்டு. திருட்டு நடந்தப்புறம் காலிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கறதுக்காகவே மியூசியத்துக்குக் கூட்டம் வந்துச்சு. பொருள் இருந்தப்ப ஞாயித்துக்கிழமை ஸ்கூல் பசங்களோட அவசரமா கடந்து போன அதே இடத்துல, இல்லாததை நின்னு பார்த்தாங்க. இது நையாண்டியா துக்கமான்னு பிரிக்கவே முடியல. என்னைக் கேட்டா துக்கம்தான், பூகம்பத்துல எதையெதையோ இழந்த ஊரு இழப்பை ஒரு இடத்துல போயி நின்னு பார்க்க விரும்பியிருக்கு.

குறை இல்லாத படம்னு சொல்ல வரல. அகாபுல்கோ ராத்திரிக் காட்சிகள், ஷெஹெரசாதாங்கற டான்சரோட ஹுவான் சுத்தற பகுதி, எனக்கும் நீளமாத்தான் தெரிஞ்சுது, லெதிசியா ப்ரெதிசே நல்லா நடிச்சிருந்தும் அந்தப் பெண்ணுக்குன்னு ஒரு வாழ்க்கையைத் திரைக்கதை குடுக்கல, அவன் கனவுல வர்ற ஆளாவே நின்னுட்டாங்க. ஹுவானோட அம்மா, அக்கா தங்கச்சிங்க எல்லாம் விருந்து மேசையோட முடிஞ்சு போயிடறாங்க. அவார்டு வாங்கின திரைக்கதைல இது எனக்கு உறுத்துது. பின்பாதி உங்களுக்கு இழுத்த மாதிரி இருந்ததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம், அந்த அளவுக்கு உங்க பக்கம் நியாயம் இருக்கு.

சரி, இந்த வகைல வேற என்னன்னு கேட்டீங்க. மெக்சிகோ கிரைம் காமெடின்னாலே சாவைக் கொண்டாடற கலாச்சாரம், மண்டை ஓடு, பூ அலங்காரம்னு ஆரம்பிச்சுடுவாங்க, எனக்கு அந்த விளக்கம் போதவே போதாது. நான் பார்த்த வரைக்கும் இந்தப் படங்களைச் சேர்க்கற நூல் ரெண்டு. ஒண்ணு, குற்றம் பண்றவன் கத்துக்குட்டி. இன்னொண்ணு, பிரச்சனைனு வந்தா போலீஸைக் கூப்பிடலாம்னு ஒருத்தருக்கும் தோணாது. போலீஸ் வந்தா காப்பாத்தும்னு நம்பற ஊர்ல தப்பு பண்ணவன் ஓடுவான், அந்த நம்பிக்கை இல்லாத ஊர்ல தப்பு பண்ணவனும் தப்பே பண்ணாதவனும் சேர்ந்து ஓடுவாங்க, அந்தக் கலாட்டாலதான் கதை பிறக்குது.

இதுக்கெல்லாம் தாத்தா லூயிஸ் புனுவெல் மெக்சிகோல எடுத்த 1955ஆம் வருஷப் படம், என்சாயோ தே உன் கிரிமென். ஆர்ச்சிபால்டோன்னு ஒருத்தன், கொலை பண்ணணும்னு சின்ன வயசுலேருந்து ஆசை, ஒவ்வொரு தடவையும் திட்டம் போட்டு ரெடியாவான், அதுக்குள்ள அந்தப் பொண்ணு வேற ஏதோ காரணத்துல செத்துடும். கடைசில நான் குற்றவாளின்னு தானே போயிச் சொன்னாலும் நினைச்சதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுன்னு அனுப்பிடறாங்க. குற்றம் பண்ணக்கூட ஒருத்தனுக்குக் குடுத்து வைக்கலைங்கற இந்தச் சிரிப்புக்கும், ஜெயிச்ச திருட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாத ஹுவானுக்கும் நேரடி உறவு இருக்கு.

உங்களுக்கு வேகம் வேணும்னா மத்தாந்தோ காபோஸ், 2004, அலெஹாந்த்ரோ லோசானோ எடுத்தது. காபோஸ்னு கொடூரமான முதலாளி, அவர் பொண்ணையே காதலிக்கற அவர்கிட்ட வேலை பார்க்கற பையன், ஆபீஸ்ல நடக்கற தகராறுல முதலாளி மயங்கி விழுந்துடறார். பையனும் ஃப்ரெண்டும் என்ன பண்றதுன்னு முழிக்கற நேரத்துல, ஒரு காலத்துல முதலாளியோட நண்பனா இருந்து இப்ப அதே பில்டிங்ல துப்புரவு வேலை பார்க்கற பெரியவர் வந்து முதலாளியோட கோட் சூட்டைக் கழட்டித் தான் மாட்டிக்கறார். முதலாளியைக் கடத்த வெளிய காத்திருந்த ரெண்டு பேரு சூட்டைப் பார்த்து அவரைத் தூக்கிட்டுப் போயிடறாங்க, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் அந்தப் பெரியவரோட சொந்த மகன்! அசல் முதலாளி உள்ளாடையோட கார் டிக்கில. அமெரிக்க டைரக்டர் டாரன்டினோ சாயல் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஸ்டைல்ல இருக்கு, மறுக்கல. ஆனா துணி மாறினா பெத்த அப்பனையே மகனுக்கு அடையாளம் தெரியாதுங்கற இந்த விஷயம் அந்த ஊரோட வர்க்க வித்தியாசத்துலேருந்து வந்தது, கடன் வாங்கினது கிடையாது. அந்தப் பையனா நடிச்ச டோனி டால்டன்தான் பெட்டர் கால் சால்ங்கற டிவி சீரியல்ல லாலோ சலமான்கா, இதோட கதையையும் அவர் சேர்ந்து எழுதியிருக்கார். ரிட்டையர் ஆன மல்யுத்த வீரன் மாஸ்கரிதாவா வர்ற ஹோவாகின் கோசியோவைப் பார்த்தீங்கன்னா விடமாட்டீங்க.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்தது நிகோதினா, உகோ ரோத்ரிகெஸ் டைரக்‌ஷன், தியேகோ லூனா ஹேக்கரா வர்றார். ஒரே ராத்திரி, படம் ஓடற நேரமும் கதை நடக்கற நேரமும் ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பொண்ணை ரகசியக் கேமரால பார்க்கற இவன், ரஷ்ய தாதாகிட்டப் போக வேண்டிய பேங்க் தகவல் சிடியை மாத்திக் குடுத்துடறான், அதுலேருந்து வைரம், துப்பாக்கி, ஒரு மருந்துக்கடை தம்பதி, ஒரு சலூன் தம்பதின்னு சாதாரண ஜனங்க ஒவ்வொருத்தரா உள்ள இழுக்கப்படறாங்க. சலூன்காரர் மனைவியா ரோசா மரியா பியாங்கி. வருஷக்கணக்கா அடக்கி வச்ச ஆசை ஒரு வைரத்தைப் பார்த்ததும் எப்படி வெளிய வருதுன்னு அவங்க காட்டற அந்தப் பகுதிக்காகவே பார்க்கலாம். கொஞ்சம் ரத்தம் ஜாஸ்தி, அதையும் சொல்லிடறேன்.

லூயிஸ் எஸ்த்ராதாவோட எல் இன்ஃபியெர்னோ, 2010, இது கேப்பர், அதாவது ஜாலியான திருட்டுப் பட வகைல சேராது, ஆனா டார்க் காமெடின்னா என்னன்னு தெரியணும்னா இதைத் தவிர்க்க முடியாது. அமெரிக்காலேருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தன் 20 வருஷம் கழிச்சு ஊருக்கு வர்றான், ஊரே போதைக் கும்பல் கைல, வேற வேலையே இல்ல. மெக்சிகோ சுதந்திரப் போராட்டத்தோட 200ஆவது ஆண்டைக் கொண்டாடின அதே வருஷம், கொண்டாட ஒண்ணும் இல்லைன்னு போஸ்டர்லயே போட்டு ரிலீஸ் பண்ணாங்க. மேல சொன்ன ஹோவாகின் கோசியோ இதுல கொச்சிலோகோங்கற ரோல்ல அசத்தியிருப்பார்.

ஆர்டர் கேட்டா, முதல்ல மத்தாந்தோ காபோஸ், அப்புறம் நிகோதினா, அது ரெண்டும் பிடிச்சா புனுவெல், மனசு தெம்பா இருக்கற ஒரு நாள் எல் இன்ஃபியெர்னோ. எல்லாத்தையும் ஸ்பானிஷ்லயே சப்டைட்டில் போட்டுப் பாருங்க, இந்தப் படங்கள்ல பாதி காமெடி ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டற வேகத்துலயும் இழுவைலயும் இருக்கு, டப்பிங்ல அது செத்துடும். மூசெயோவைத் திரும்பப் பார்க்கறதா இருந்தா திருட்டுக்காகக் காத்திருக்காதீங்க, கிறிஸ்துமஸ் விருந்துலயிருந்தே அந்த அப்பாவைக் கவனிங்க, ஹுவான் எந்த ஊருக்குப் போனாலும் யாருகிட்ட நிரூபிக்கப் போராடறான்னு புரிஞ்சிடும், அப்ப பின்பாதி இழுக்கற மாதிரியே தெரியாது. பார்த்துட்டு இங்கயே எழுதுங்க, குறிப்பா அந்த கிரேவ்ஸ் சீன் ரெண்டாவது தடவை எப்படி இருந்துச்சுன்னு.